வில்லைக் கீழே வைத்த பாட்டு

உங்களில் பாதிப் பேர் பகலில் கம்பெனியில் மெஷின் முன்னால் நிற்கிறவர்கள். சனி, ஞாயிறு வந்தால் வயலினைத் தூக்கிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்கும் கோயில் மேடைக்கும் போகிறீர்கள். வர்ணம், கீர்த்தனை என்று முறையாகப் படித்த கை, மேடையில் சினிமாப் பாட்டு வாசிக்கிறது. அது தப்பா என்று என்னைக் கேட்கிறீர்கள். தப்பில்லை. நான் ஆயுசு முழுக்க அதைத்தான் செய்தேன்.

எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். பேசுகிற மாதிரிதான் எழுத வரும். சுருதி சேர்ப்பது, விரல் வைப்பது எல்லாம் உங்கள் வாத்தியார் சொல்லியிருப்பார். அதை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். அதில் எங்கே வாசிப்பது, எங்கே வாசிக்காமல் இருப்பது என்று எனக்கு விளங்குவதற்கு ஒரு திருவிழாக் காலம் முழுக்க ஆயிற்று.

ஐம்பதுகளில் நடந்தது. நீங்கள் இப்போது ஷிப்டுக்குப் போகிற இடமெல்லாம் அப்போது கேழ்வரகுக் கொல்லை. நான் கிருஷ்ணகிரியில் இருந்தேன். சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிடில் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கப் பழகியவன். அப்போது யாரும் வயலின் என்று சொல்ல மாட்டார்கள். பிடில்தான். கச்சேரி என்பது ஸ்ரீராமநவமிக்கு வரும், போகும். மற்ற மாதங்களில் பிடில் பெட்டிக்குள் தூங்கும். நானும் தூங்க முடியாதே. அதனால் முனிரத்தினம் பார்ட்டியில் சேர்ந்தேன்.

பார்ட்டி என்றால் நான்கு பேர். முனிரத்தினம் ஆர்மோனியம், அவர்தான் முதலாளியும். எல்லோருக்கும் அண்ணன். பாஷா பாய் டோலக். நான் பிடில். பாடுவது ஜெயம்மா. நாங்கள் ஜெயக்கா என்போம்.

ஜெயக்கா நாடகக் கம்பெனியில் பாடி வளர்ந்தவர். கம்பெனி கலைந்த பிறகு இங்கே வந்தார். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், ஓசூர்ப் பக்கம் போனால் கன்னடம். மூன்றிலும் பாடுவார். ஒன்றிலும் அதிகம் பேச மாட்டார். புருஷன் இல்லை. படுத்த படுக்கையாக மாமியார், பள்ளிக்கூடம் போகிற மகள். அந்த வீட்டில் சம்பாதிக்கிறது அந்தத் தொண்டை ஒன்றுதான்.

கச்சேரியில் பிடில்காரனுக்கு ஒரு தருமம் உண்டு. பாடுகிறவர் போகிற வழியிலேயே நிழல் மாதிரி பின்னால் போக வேண்டும். அவர் நிறுத்தினால் விட்ட இடத்தைப் பிடித்து, அடுத்த அடி வரும் வரைக்கும் ஓட்டை தெரியாமல் அடைக்க வேண்டும். அவர் தொண்டை மக்கர் பண்ணினால் அந்தச் சங்கதியை நீ வாசித்து அவர் மானத்தைக் காக்க வேண்டும். எனக்கு இது எலும்பில் ஊறியது. யோசித்துச் செய்வதில்லை. கை தானாகச் செய்யும்.

பார்ட்டியில் மேடை நிகழ்ச்சிக்கு ஆட்டம் என்று பேர். நான் சேர்ந்து முதல் ஆட்டம் கல்லாவி மாரியம்மன் பண்டிகை. தை மாதம். மேடையில் மைக் ஒன்றுதான். அதை ஜெயக்காவுக்கும் எனக்கும் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். ஜெயக்கா ஓர் அடி பாடி நிறுத்தினால் நான் அந்த அடியைத் திருப்பி வாசித்தேன். மூச்சு விட்டால் அங்கேயும் வாசித்தேன். ஆர்மோனியம் மொட்டையாக நிற்கிற சுரத்தில் நான் கமகம் கொடுத்தேன். ஆர்மோனியம் படிக்கட்டு. பிடில் சரிவு. இரண்டும் ஒரே இடத்தில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அண்ணன் முகத்தைச் சுளித்தார். நான் நன்றாக வாசிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முடிந்து டோலக்கைத் துணியில் சுற்றிக்கொண்டே பாஷா பாய் கேட்டார்.

"தம்பி, சாப்பிட்டியா?"

இன்னும் இல்லை என்றேன்.

"பொய் சொல்லாத. அந்தம்மா மூச்சு வாங்கற எடத்த நீ தின்ன. சனம் கைதட்டற எடத்த நீ தின்ன. இன்னும் பசிக்குதா ஒனக்கு?"

ஜெயக்கா அன்றைக்குத்தான் முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதற்குப் பிறகு சுருக்கிக்கொண்டேன். பாட்டுக்கு நடுவே வருகிற பிடில் துண்டை அச்சு மாதிரி வாசிப்பது, மற்ற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. கமகத்தை ஆர்மோனியம் இல்லாத இடத்துக்கு வைத்துக்கொண்டேன். மாசி மாதத்துக்குள் பார்ட்டியோடு பொருந்திவிட்டேன். அண்ணன் என்னைப் புதுப் பிடில் என்று சொல்வதை நிறுத்திவிட்டு, நம்ம பிடில் என்று சொல்ல ஆரம்பித்தார்.

இனி அந்தப் பாட்டு. பேர் வேண்டாம். ஊரில் அதற்கு ஏத்தப்பாட்டு என்று பேர் வைத்திருந்தார்கள், கிணற்றில் ஏற்றம் இறைக்கிற பாட்டு இல்லை. கடைசிச் சரணத்தில் மெட்டு படிப்படியாக ஏறிக்கொண்டே போய் மேலே ஓர் உச்சியில் நிற்கும். அங்கே நின்றுவிட்டுத்தான் இறங்கும். தமிழ்ப் படத்தில் வந்தது. அதே மெட்டில் தெலுங்கிலும் வந்தது. கன்னட நாடகக்காரர்கள் தங்கள் வார்த்தையைப் போட்டுப் பாடினார்கள். எங்கள் பக்கம் மூன்று மொழியும் ஒரே தெருவில் இருக்கும். அதனால் அந்த மெட்டுத் தெரியாத ஆள் கிடையாது. எங்கே போனாலும் அந்தப் பாட்டைப் பாடாமல் மேடையை விட்டு இறங்க விட மாட்டார்கள். கடைசியில்தான் பாடுவோம். ஜெயக்கா அந்த உச்சிக்கு ஏறும்போது கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

அந்த வருஷம் மழை பொய்த்துப் போயிருந்தது. மாசியிலேயே வெயில். ரோடெல்லாம் புழுதி. நாங்கள் ஓய்வில்லாமல் ஆடினோம். ஊத்தங்கரையில் ஒரு பண்டிகை. ஜெயக்கா காலையிலிருந்தே சுடுதண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஏத்தப்பாட்டு வந்தது. கடைசிச் சரணம். ஏறினார். உச்சிக்கு ஒரு படி கீழே குரல் இரண்டாகப் பிளந்தது. காய்ந்த மூங்கில் பிளக்கிற மாதிரி ஒரு சத்தம், மைக்கில்.

நான் யோசிக்கவில்லை. கை எடுத்துவிட்டது. அந்த உச்சியைப் பிடிலில் வாசித்து, நிறுத்தி, இறக்கிக் கொடுத்தேன். ஜெயக்கா வாயை மூடிக்கொண்டு கையை என் பக்கம் காட்டினார், முன்னாலேயே பேசி வைத்த மாதிரி. நாடகத்தில் இருந்தவர் அல்லவா. கூட்டம் கைதட்டித் தீர்த்துவிட்டது.

இறங்கி வந்ததும் அண்ணன் என் தோளைத் தட்டினார். ஜெயக்கா, நல்ல வேளை தம்பி, என்றார். அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் செய்தது சரி. இன்றைக்கும் சொல்கிறேன். மேடையில் திடீரென்று ஒருவர் தடுக்கினால் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். விஷயம் அதற்குப் பிறகு நடந்தது.

அடுத்த ஊரிலும் அந்த இடம் வந்ததும் ஜெயக்கா கையைக் காட்டினார், நான் வாசித்தேன். அதற்கடுத்த ஊரிலும் அப்படியே. குரல் தேறட்டும் என்று செய்தது. அப்படியே பழக்கமாகிவிட்டது. பிறகு நான் அவர் கை காட்டுவதற்கும் காத்திருக்கவில்லை. அந்த இடம் எனக்கு என்று ஆகிவிட்டது.

குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஒரு நாள் ஆட்டம். மாடு விற்க வந்தவர்கள், வாங்க வந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். மேடைக்குப் பக்கத்தில் வண்டி மேல் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் பேசிக்கொண்டது எங்களுக்கு நன்றாகக் கேட்டது.

"ஏத்தப்பாட்டு யாரு பாடறது?"

"பிடிலு பாடும்."

"அப்ப அந்தம்மா?"

"அது கைய காட்டும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட மனசோடு சொன்னது இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னார்கள். ஜெயக்கா முந்தானையைச் சரி செய்துகொண்டார். அன்றைக்கு ஏத்தப்பாட்டில் அவர் கையைக் காட்டவில்லை. நான் வாசித்தேன். கூட்டம் கைதட்டியது. பாய் மட்டும் என்னைப் பார்க்காமல் டோலக்கின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் கணக்கு வேறு. அவர் கெட்டவர் இல்லை. வாய்ப்பு வந்தால்தான் நான்கு வீட்டில் அடுப்பு எரியும். அவருக்கு அந்தக் கவலை. பங்குனியில் ஓசூர்த் தேர். அங்கே எடுபட்டால் பெங்களூர்ப் பக்கம் கூப்பிடுவார்கள். ஒரு சாயங்காலம் என்னையும் பாயையும் உட்கார வைத்துச் சொன்னார். பெங்களூரில் ஒரு பெண் இருக்கிறது, சின்ன வயசு, குரல் மணி மாதிரி, ஓசூருக்கு வந்து நம் ஆட்டத்தைப் பார்க்கப் போகிறது, பிடித்தால் சித்திரையிலிருந்து சேர்ந்துகொள்ளும்.

பாய் கேட்டார். "அப்ப அக்கா?"

"பின்பாட்டு பாடட்டும். உச்சியத்தான் பிடிலு பாடுதே. அந்தம்மா எதுக்கு நடுவுல நிக்கணும்?"

பின்பாட்டு என்றால் பின்னால் உட்கார்ந்து கூடச் சேர்ந்து பாடுவது. வாய்ப்பு குறைந்தால் முதலில் நிற்பது பின்பாட்டுதான். பாய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அண்ணன் என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். ஓசூரில் ஏத்தப்பாட்டு உச்சியை நீ விட்டுவிடக் கூடாது, அங்கே பேர் கெட்டால் அப்புறம் அந்தப் பக்கமே தலை காட்ட முடியாது என்றார். சரி என்றேன்.

இந்தச் செய்தி ஜெயக்காவுக்கு எப்படிப் போனது என்று தெரியாது. யாராவது சொல்லியிருப்பார்கள். ஓசூர் போகிற அன்று காலையில் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நின்றோம். அண்ணன் ஆர்மோனியத்தை மேலே ஏற்றிக் கட்டுவதற்குக் கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஜெயக்கா டீயை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, இன்னிக்கு நீ எடுக்காத."

எதை என்று நான் கேட்கவில்லை.

"தொண்டை தேறிடுச்சாக்கா?"

"இல்ல."

"அப்ப ஒடைஞ்சா?"

"ஒடைஞ்சா என்னுது ஒடையட்டும். நீ மூடி மூடி, அங்க ஒருத்தி நிக்கறதே யாருக்கும் தெரியாமப் போச்சு."

டீயைக் குடித்து முடித்தார். கிளாஸைக் கழுவி வைத்தார்.

"நான் மேல போவனா மாட்டனான்னு எனக்கே தெரியல. ஆனா அந்த எடத்துல நான் நிக்கணும். நீ வந்தின்னா நிக்க முடியாது."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

சூளகிரி வரைக்கும் நான் யோசித்துக்கொண்டே போனேன். முதலாளி வாசி என்கிறார். பாடுகிறவர் வாசிக்காதே என்கிறார். நான் படித்த படிப்பும் வாசி என்றுதான் சொல்கிறது. பாடுகிறவர் உடைந்து நிற்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது எங்கள் வழக்கத்தில் துரோகம். பக்கத்தில் இருந்த பாயிடம் கேட்டேன். அவர் ஜன்னல் வழியாக எச்சில் துப்பிவிட்டுத் திருப்பிக் கேட்டார்.

"ஒடைஞ்சா ஒன் வேல போவுமா, அந்தம்மா வேல போவுமா?"

"அவங்க வேல."

"அப்ப என்னைய ஏன் கேக்கற?"

அத்தோடு என் குழப்பம் முடிந்துவிட்டது. போகிறது அவருடையது என்றால் முடிவும் அவருடையது. நான் அவர் மேல் பரிதாபப்பட்டு அவர் சொல்லை மீறினால், அண்ணன் செய்ததைத்தான் நானும் செய்கிறேன், கொஞ்சம் மரியாதையாக. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓசூரில் தேர் நிலைக்கு வந்த பிறகு ஆட்டம். வெயில் இறங்கியிருந்தது. கூட்டம் என்றால் கூட்டம். மாட்டு வண்டிகளை அவிழ்த்து விட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். தளிப் பக்கத்து ஆட்கள், ஆனேக்கல் பக்கத்து ஆட்கள், எங்கள் கிருஷ்ணகிரி ஆட்கள். மேடையின் ஓரத்தில் நாற்காலி போட்டு பெங்களூர்ப் பெண் உட்கார்ந்திருந்தது, அதன் தாயாரோடு. நல்ல பெண். எங்களைப் பார்த்துக் கும்பிட்டது.

மற்ற பாட்டெல்லாம் நன்றாகப் போனது. கன்னடப் பாட்டுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் துண்டைச் சுழற்றினார்கள். ஜெயக்கா தொண்டையைப் பார்த்துப் பார்த்துச் செலவழித்தார். எனக்குத் தெரிந்தது. கீழேயே பாடினார். மேலே போகிற இடங்களைத் தேய்த்துவிட்டுப் போனார்.

ஏத்தப்பாட்டு வந்தது. ஆரம்பித்ததுமே சத்தம். முதல் சரணம் முடிந்தது. நடுவில் வருகிற பிடில் துண்டை நான் வாசித்தேன். அண்ணன் என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு, ஞாபகம் இருக்கட்டும் என்கிற மாதிரி. கடைசிச் சரணம். ஜெயக்கா ஏற ஆரம்பித்தார். ஒரு படி, இன்னொரு படி. இடது கையைக் கீழே தொங்கவிட்டு, உள்ளங்கையை என் பக்கம் தரையைப் பார்க்கத் திருப்பினார். இரு என்று அர்த்தம்.

என் வில் தந்திக்கு மேலே தயாராக இருந்தது. எனக்கு என் கையைத் தெரியும். வில் கையில் இருந்தால் அது போய்விடும். அதனால் வில்லை மடியில் கூட வைக்கவில்லை. ஜமுக்காளத்தில் வைத்தேன்.

உச்சிக்கு ஒரு படி கீழே ஜெயக்கா நின்றார். அந்தச் சுரத்தைச் சுத்தமாக, நேராக, இருக்கிற மூச்செல்லாம் தீரும் வரைக்கும் பிடித்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார். உடையவில்லை. ஏறவும் இல்லை. மைக்கை விட்டு ஓரடி பின்னால் தள்ளி, நேராக நின்றார்.

டோலக் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு ஜமுக்காளத்தில் கிடந்த வில்லைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த கோபத்தை நான் இன்றைக்கும் பார்க்கலாம். தானே வாசித்துவிடலாம் என்று கட்டையில் விரலை வைத்தார். ஆர்மோனியம் கத்தவில்லை. துருத்தி அசையவே இல்லை. குனிந்து பார்த்தார். பாஷா பாயின் முட்டி துருத்திக்கு முட்டுக் கொடுத்திருந்தது.

அந்த வெற்றிடம் எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்காதீர்கள். மேடையில் அந்த மாதிரி நேரத்தை அளக்க முடியாது. நான் தப்பாக முடிவு எடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போது முன்வரிசையில் வேர்க்கடலைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் அந்த உச்சியை எடுத்தாள். குரல் ஒன்றும் நல்ல குரல் இல்லை. சுருதி எங்கேயோ போனது. ஆனால் எடுத்தாள். அவளுக்குப் பின்னால் வண்டி மேல் இருந்தவர்கள் எடுத்தார்கள். பிறகு எல்லோரும். தமிழில் பாடியவர் தமிழில், தெலுங்கில் பாடியவர் தெலுங்கில், கன்னடக்காரர்கள் அவர்கள் வார்த்தையில். வார்த்தை ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டது. மெட்டு ஒன்றாகப் போனது. உச்சியில் நின்றார்கள். அவர்களுக்கு இறங்க மனசில்லை.

ஜெயக்கா மைக்குக்கு வந்தார். அவர்கள் மேலே நிற்கும்போது இவர் அதே அடியைக் கீழ் ஸ்தாயியில் பாடினார். அவருக்கு மிச்சம் இருந்த குரல் அதுதான், கீழே இருக்கிற கனத்த குரல். கூட்டத்துக்குப் பக்கவாத்தியமாகப் பாடினார். பிறகு உள்ளங்கையை என் பக்கம் மேலே திருப்பினார். நான் வில்லை எடுத்தேன். அடித்தந்தியில், அவருக்கும் கீழே, ஆதார சட்ஜத்தை நீளமாகப் பிடித்தேன். அது போதும். நான் வாசித்ததிலேயே நல்ல வாசிப்பு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அந்த ஒரு சுரத்தைத்தான் சொல்வேன்.

முடித்ததும் கன்னடத்தில் இன்னொந்து சல என்று கத்தினார்கள், தெலுங்கில் மள்ளி என்று கத்தினார்கள். மறுபடியும் பாடினோம். இந்த முறை உச்சி வருவதற்கு முன்னாலேயே சனம் தயாராக இருந்தது.

இறங்கி வந்ததும் அண்ணன் முதலில் பாயைத்தான் பிடித்தார்.

"ஒன் முட்டி எதுக்குய்யா அங்க வந்துச்சு?"

"கால் மரத்துப் போச்சுண்ணா. நீட்டினன்."

"நீட்டறதுக்கு எடம் அதுதான் கெடைச்சுதா?"

"சின்ன மேடண்ணா."

பிறகு என்னிடம் வந்தார். நான் சொன்னதுக்கு என்ன மரியாதை என்று கேட்டார். ஜெயக்காதான் பதில் சொன்னார்.

"நான்தான் வேணாம்னன். அவன கேக்காதீங்க."

"சனம் எடுக்காம போயிருந்தா?"

"எடுக்காம போயிருந்தா நான் நின்னுட்டு எறங்கி இருப்பன்."

"சனம் பாடும்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா குந்தாரப்பள்ளியில எங்கண்ணுக்கு முன்னாடி ஒரு பொம்பளைக்கு வாய் அசைஞ்சிச்சு. பிடிலு வந்ததும் மூடிக்கிச்சு."

அதை நான் பார்க்கவில்லை. நான் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதுதான் உங்களுக்குச் சொல்ல வந்தது. கச்சேரியில் கேட்பவர் கேட்பார். தலையாட்டுவார், தொடையில் தாளம் போடுவார். கூடப் பாடினால் பக்கத்தில் இருப்பவர் முறைப்பார். அங்கே படித்துவிட்டு வந்த நாம், இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறோம். மேடையில் ஓர் ஓட்டை விழுந்தால் அதை நாம்தான் அடைக்க வேண்டும் என்று நினைக்கிறோம். இந்தப் பாட்டு அப்படி இல்லை. இது சினிமாவில் வந்தாலும் சனம் ஏர் ஓட்டும்போது பாடின பாட்டு, துணி துவைக்கும்போது பாடின பாட்டு. எதிரில் இருப்பவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அவர் பங்கையும் சேர்த்து நீ வாசித்தால் அவர் கைதட்டுவார். கைதட்டிவிட்டுப் போய்விடுவார்.

பெங்களூர்ப் பெண் சித்திரையில் சேர்ந்தது. அண்ணன் சொன்னதை மாற்றிக்கொள்கிற ஆள் இல்லை. புதுப் பாட்டெல்லாம் அந்தப் பெண் பாடியது. நன்றாகவே பாடியது. ஆனால் ஏத்தப்பாட்டை அது கேட்கவில்லை, அண்ணனும் கொடுக்கவில்லை. ஒரு தடவை அண்ணன் பேச்சு எடுத்தபோது அந்தப் பெண்ணே சொல்லிவிட்டது, நான் மேலே போய்விடுவேன், அக்கா மாதிரி அங்கே நிற்க எனக்கு வராது என்று. ஜெயக்கா பின்பாட்டுக்குப் போகவில்லை. பார்ட்டி இருந்த வரைக்கும் கடைசியில் நடுவில் வந்து நிற்பது அவர்தான். ஆனி, ஆடியில் ஓய்வு கிடைத்துத் தொண்டை கொஞ்சம் தேறியது. முழுக்கத் தேறவில்லை. தேறாததை வைத்துக்கொண்டே பாடினார்.

இதைக் கேட்டுவிட்டு எல்லா இடத்திலும் வில்லைக் கீழே வைத்துவிட்டு உட்காராதீர்கள். இன்னொன்றும் சொல்கிறேன்.

அடுத்த தையில் தர்மபுரிப் பக்கம் ஒரு பெரிய பண்ணைக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தலில் நாற்காலி, ஜரிகை வேட்டி, பன்னீர்ச் செம்பு. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஏத்தப்பாட்டு கேட்டார்கள். பாடினோம். ஜெயக்கா அந்தப் படியில் நின்றார், வாயை மூடினார். நான் வில்லைக் கீழே வைத்திருந்தேன்.

யாரும் எடுக்கவில்லை. தெரியாமல் இல்லை. எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் சம்பந்தி உட்கார்ந்திருக்கும்போது யார் வாயைத் திறப்பார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் இருமினார்.

நான் கூட்டத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்க்கவில்லை. ஜெயக்காவைப் பார்த்தேன். அவர் தலையைத் திருப்பவில்லை. கண் மட்டும் என் பக்கம் வந்து போனது. நான் வில்லை எடுத்து உச்சியை வாசித்தேன். கமகம் கொடுத்து, கச்சேரி மாதிரி, அந்தப் பந்தலுக்கு ஏற்ற மாதிரி வாசித்து இறக்கினேன். பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. அண்ணனும் அந்தப் பெண்ணும் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பாய் ஏறியதும் தூங்கிவிட்டார். ஜெயக்கா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு ஏன் எடுத்த?"

"நீங்க பாத்தீங்க."

வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னார்.

"ஆமா. பாத்தன்."